பூட்டிய பெட்டிக்குள் கடன் கணக்கு

இல்லந்தோறும் அறிவியல்



நெய்வேலி நகரியத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ள மடலை இம்மாதம் எடுத்துக்கொண்டுள்ளோம். பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகின்றோம். மடலின் சாரம் வருமாறு:

"என் கணவர் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் வஃபாத்தாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இத்தா முடிந்து இப்பொழுதுதான் வெளி வேலைகளைக் கவனிக்கத் தொடங்கியுள்ளேன். கொடுத்த கடன், வாங்கிய கடன், ஆண்டுதோறும் கணக்கிட்ட ஜகாத் அனைத்தையும் அவர்கள் மடிக்கணினியில்தான் எழுதி வந்தார்கள். மகன் அதனைத் திறந்தபோது ஏதோ புதுப்பித்தல் நடந்தது. அதன்பின் நீலத் திரை தோன்றி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. கடைக்காரரோ, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவித் தருவதாகச் சொல்கிறார். அழித்துவிடலாமா? உறவினர் சொத்தைப் பிரிக்கச் சொல்கின்றனர். கடன் இன்னதென்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது?"

சகோதரிக்கு முதல் விடையை இங்கேயே கூறிவிடுகின்றோம்: அழிக்க வேண்டாம். யார் சொன்னாலும் அழிக்க வேண்டாம். அதற்கான காரணத்தையும், செய்யத்தக்க முயற்சிகளையும் கீழே விரிவாகக் காண்போம். மடிக்கணினி திறவாமற்போவது இன்று பல இல்லங்களில் நிகழ்வதாதலால், பொதுவான கோளாறுகளை முதலில் விளக்கிவிட்டு அவரது கேள்விக்கு வருவோம்.

தொடக்கம் என்பது ஒரே செயலன்று

நெய்வேலி மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. 1957ஆம் ஆண்டு பண்டித நேருவால் சுரங்கப் பணி தொடங்கி வைக்கப்பட்டது. பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961இல். முதல் மின்னாக்கப் பொறி இயங்கியது 1962இல். ஏனிந்த இடைவெளி? நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நீர் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்ட இயலாது. நீரை இறைத்த பின்னரே மண்ணகழ்வு, அதன்பின் நிலக்கரி, பிறகு கொதிகலன், நீராவி, சுழலி, மின்னாக்கி. இறுதியில்தான் வீட்டு விளக்கு. விளக்கு எரியவில்லையென்றால் பொறியாளர் உடனே சுழலியைக் கழற்றமாட்டார். எந்தப் படியில் தடை ஏற்பட்டது என்றே முதலில் கேட்பார்.

மடிக்கணினியும் இவ்வாறே படிப்படியாக விழிக்கிறது. முதற்படி, மின்சாரம் வருதல். இரண்டாவது, தாய்ப்பலகையில் உள்ள 'பயாஸ்' என்னும் சிறு நிரல் எழுந்து, நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவை நலமா என்று வினவுதல். மூன்றாவது, வட்டிலிருந்து விண்டோஸ் போன்ற இயக்க முறைமையை எடுத்து வருதல். நான்காவது, 'நீர் யார்?' என்று கேட்டுக் கடவுச்சொல்லைச் சரிபார்த்தல். ஐந்தாவது, நமது கோப்புகளுடன் முகப்புத் திரையைக் காட்டுதல். எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடைக்குச் செல்ல நேர்ந்தாலும், 'ஓடவில்லை' என்று சொல்வதைவிட 'இன்ன படியில் நிற்கிறது' என்று சொல்வது நம் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

விளக்கே எரியவில்லையெனில்

சுவரிலுள்ள பிளக்கில் வேறொரு கருவியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சார்ஜரின் இரு துண்டுகளும் இணையுமிடம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றத்தக்கதாயின் அதனையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை 30 வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பின்னர் பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் இணைத்து முயலுங்கள். இடி மின்னலுக்குப் பின்னும், மின்சாரம் போய்த் திரும்பிய பின்னும் இயங்க மறுக்கும் மடிக்கணினிகள் பல இந்த எளிய முறையிலேயே உயிர் பெறுகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய 'தானே' புயலை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய வேளைகளில் மின்சாரம் திரும்பும் முதல் சில நிமிடங்கள் கருவிகளுக்கு ஆபத்தானவை. ஆதலால் சற்றுப் பொறுத்தே இணைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கிச் சோதிப்பதாயின், அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு உங்கள் சார்ஜரின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால், டார்ச் விளக்கைத் திரையின்மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் தெரிந்தால் கணினி நலமே. திரையின் பின்னொளிதான் பழுது. தொலைக்காட்சிப் பெட்டியோடு ஹெச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்துப் பார்த்தும் இதனை உறுதி செய்யலாம். ஒன்றுமே தெரியாமல் 'பீப், பீப்' என ஒலி கேட்டால் நினைவகச் சில்லு தளர்ந்திருக்கக்கூடும். அதனைப் பழுது பார்ப்பவர் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தினாலே போதுமானதாக இருக்கலாம்.

தொடங்கிச் சில நிமிடங்களிலேயே தானாக அணைந்துவிடுகிறதா? வெப்பமே காரணமாயிருக்கலாம். வெயிலும் கரித்தூசியும் மிகுந்த ஊரில் விசிறியின் இடுக்குகள் விரைவில் அடைபடும். மெத்தையின்மீதும் மடியின்மீதும் வைத்துப் பயன்படுத்தினால் காற்று செல்லும் வழி மூடிக்கொள்ளும். மேசைமீது வைப்பதும், ஆண்டுக்கொரு முறை உள்ளே தூசி தட்டச் செய்வதும் நலம்.

வட்டைக் காணவில்லை என்று சொன்னால்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தொடங்குவதற்கான வட்டு இல்லை என்னும் பொருளில் ஆங்கில அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டா. செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு அனைத்தையும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கணினி தவறான இடத்தில் விண்டோஸைத் தேடியிருக்கலாம். அப்பொழுதும் வரவில்லையெனில், தொடங்கும் வேளையில் எஃப்2, டெலீட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால் பயாஸ் திரை வரும். இது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். அதில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எதனையும் மாற்ற வேண்டா. பெயர் தெரிந்தால் வட்டு உயிரோடிருக்கிறது; விண்டோஸ்தான் பழுது. பெயரே தெரியவில்லையெனில் வட்டோ அதன் இணைப்போ பழுது. 'டிக், டிக்' என்ற ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மேலும் இயக்கினால் மீட்கத்தக்க கோப்புகளும் அழியும்.

பழைய கணினிகளில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். இணையதளங்கள் 'பாதுகாப்பற்றவை' என்று திறக்க மறுக்கும். கடவுச்சொல் சரியாயிருந்தும் கணக்கு திறவாது. பலர் இதனை வைரஸ் என்றெண்ணி அஞ்சுவர். தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துபோனதே பெரும்பாலும் காரணம். அதன் விலை மிகக் குறைவு. மாற்றுவது சில நிமிட வேலை.

மீண்டும் மீண்டும் நீலத் திரை

2024 ஜூலை 19 அன்று உலகமே இக்கோளாறைக் கண்டது. 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள கோப்பொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அதற்கான தீர்வோ மிகச் சிறியது. கணினியைப் 'பாதுகாப்பு முறை' எனும் சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர்ந்து செய்ய வேண்டியிருந்தது.

அதே முறை நம் வீட்டிற்கும் பொருந்தும். சேஃப் மோடில் கணினி இன்றியமையாத பகுதிகளை மட்டும் கொண்டு விழிக்கிறது. விண்டோஸ் 7இல் தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டினால் அது கிட்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், தொடங்கிக்கொண்டிருக்கும்போதே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், மீட்புத் திரை தானே தோன்றும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று சென்றால், தொடக்கப் பழுது நீக்கம், அண்மைய புதுப்பித்தலை அகற்றல், முந்தைய நிலைக்குத் திரும்பல், சேஃப் மோடுக்கு வழிவிடும் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' ஆகிய வழிகள் இருக்கும். முதல் மூன்றும் நம் கோப்புகளைத் தொடுவதில்லை. அவற்றை இந்த வரிசையிலேயே முயலுங்கள்.

அதே திரையில் 'ரீசெட்' என்னும் வழியும் இருக்கும். அதனுள் இரு தெரிவுகள் உண்டு. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது நம் கோப்புகளை விட்டுவிட்டு மென்பொருள்களை நீக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது அனைத்தையும் அழிக்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டுப் பின்னர் அழுவோர் பலர்.

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரு இயக்க முறைமைகள் இருந்தன. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதலால் பழைய கணினிகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தலாம். வங்கி வேலைகளுக்கு அவற்றை நம்ப வேண்டா. அவற்றில் லினக்ஸ் நிறுவிக்கொள்வது செலவில்லாத நல்வழி.

கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால்

முதலில் 'கேப்ஸ் லாக்', 'நம் லாக்' விளக்குகளைப் பாருங்கள். அடுத்து, திரையின் வலப்புற அடியில் விசைப்பலகை மொழி எதுவென்று பாருங்கள். வீட்டில் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்துவிட்டு வைத்திருந்தால், நீங்கள் ஆங்கிலமென்று எண்ணி அழுத்துவது தமிழெழுத்தாக உள்ளே செல்லும். கடவுச்சொல்லோ புள்ளிகளாகவே தெரியும். பெட்டியின் ஓரத்திலுள்ள கண் போன்ற குறியை அழுத்தினால் நாம் தட்டியது என்னவென்று புலப்படும்.

பின் எண் வேறு, கடவுச்சொல் வேறு. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. கடவுச்சொல்லோ மைக்ரோசாஃப்ட் கணக்கிற்குரியது. எந்தக் கணினியிலும் செல்லும். பின் எண் மறந்தால் 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்திக் கடவுச்சொல்லால் நுழையலாம். கைபேசியில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், இணைய இணைப்பு இல்லாத மடிக்கணினி பழைய கடவுச்சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பை ஏற்படுத்தியபின் புதியது செல்லும்.

நுழைந்தபின் கோப்புகள் ஒன்றும் காணப்படாமல் புதுக் கணினி போலத் தோன்றுகிறதா? தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள். அங்கு எதனையும் சேமிக்காதீர்கள், வெளியேறும்போது அழிந்துவிடும். கணினியை ஓரிரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

நம் சமுதாயத்தில் பெரிதும் காணப்படும் சிக்கலொன்றுண்டு. வளைகுடாவிலிருக்கும் கணவரோ மகனோ அங்குள்ள கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கி, மடிக்கணினியை ஊருக்கு அனுப்பியிருப்பார். வேலை முடிந்து தாயகம் திரும்பியதும் அந்த எண் போய்விடும். பின்னொரு நாள் கடவுச்சொல் மறந்தால், சரிபார்ப்பு எண் எவருடைய கைபேசிக்கோ செல்லும். நெய்வேலியிலும் பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊர் மாறுவோர் பழைய எண்ணைக் கைவிடுவதுண்டு. கணக்கிலுள்ள தொடர்பு எண்களையும் மின்னஞ்சலையும், பழையவை கையிலிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். எல்லாம் போனபின் புதியன சேர்க்க விண்ணப்பித்தால், மைக்ரோசாஃப்ட் 30 நாட்கள் காத்திருக்கச் செய்யும்.

48 இலக்கத் திறவுகோல்

இப்பொழுது சகோதரியின் கேள்விக்கு வருவோம். அண்மைக் கால விண்டோஸ் கணினிகள் பல, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டு முழுவதையும் மறைகுறியாக்கிவிடுகின்றன. இதற்கு 'பிட்லாக்கர்' என்று பெயர். உரிமையாளரிடம் கேட்டு விரிவாக விளக்கிய பின்னரே இது நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. தமது வட்டு பூட்டப்பட்டுள்ளதென்றே அறியாதோர் ஏராளம். திருடன் வட்டைக் கழற்றிச் சென்றாலும் ஒன்றையும் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ, தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ கணினி ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 2024 ஜூலை மாதப் பாதுகாப்புப் புதுப்பித்தலுக்குப் பின் சில கணினிகள் காரணமின்றியே இவ்வெண்ணைக் கேட்டதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இந்த எண் இல்லாமல் அந்த வட்டைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் இயலாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் பயனில்லை. புதிதாக நிறுவினால் கணினி ஓடும். கணக்கேடு என்றைக்கும் திரும்பாது. அதனால்தான் அழிக்க வேண்டாமென்றோம்.

எண்ணைத் தேட வேண்டிய இடங்கள் வருமாறு. நீலத் திரையில் அடையாள எண்ணொன்றும் இருக்கும்; அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கணவரின் கைபேசியில் மின்னஞ்சல் இன்னும் திறந்த நிலையில் உள்ளதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதியில் அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். பல எண்கள் இருந்தால், குறித்து வைத்த எட்டு எழுத்துகளோடு ஒத்ததே உரியது. இரண்டாவது, கணினி வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, பழைய நாட்குறிப்பு, பென் டிரைவ் ஆகியவற்றில் தேடுங்கள். மூன்றாவது, மகனோ மருமகனோ முதன்முதலில் கணினியை அமைத்துக் கொடுத்திருந்தால், எண் அவர்களது கணக்கில் சேர்ந்திருக்கலாம். இதனைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அனைத்தினும் அவசரமானது சிம் அட்டை. நம் நாட்டில் 90 நாட்கள் பயன்பாடின்றிக் கிடக்கும் எண் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஐந்து மாதங்கள் கடந்துவிட்டமையால், எண் உயிரோடுள்ளதா என்பதை இன்றே பாருங்கள். உயிரோடிருந்தால் ரீசார்ஜ் செய்து, இறப்புச் சான்றிதழுடன் நிறுவனத்தின் அலுவலகத்தை அணுகி வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கும் இரண்டாண்டுகள் எவரும் நுழையாவிட்டால் மூடப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மறைந்தவரின் கணக்கை நீதிமன்ற ஆணையின்றி அந்நிறுவனம் வாரிசுகளுக்குத் திறந்து தருவதில்லை.

இங்கே இரு எச்சரிக்கைகள். கணவரின் மின்னஞ்சல் திறந்தால், தேவையானதை மட்டும் தேடுங்கள். மறைந்தவரின் அந்தரங்கமும் ஓர் அமானிதமே. அவரது கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு வங்கிப் பணத்தை எடுப்பதோ, மாற்றுவதோ கூடாது. பணம் இப்பொழுது வாரிசுகள் அனைவருக்கும், கடன் கொடுத்தவர்களுக்கும் உரியது. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து முறைப்படி பெறுவதே சட்டத்திற்கும் ஷரீஅத்திற்கும் உகந்தது.

பெட்டி திறவாவிட்டால்?

எல்லா முயற்சியும் பயனளிக்காமற் போகலாம். அப்பொழுதும் கடன் கடனே. சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னரே பாகப்பிரிவினை என்று விதித்துள்ளன. கடனோடு இறந்தவரின் ஜனாஸாவிற்கு, ஒருவர் அக்கடனைப் பொறுப்பேற்கும்வரை நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தத் தயங்கினார்கள் என்னும் செய்தியையும் நாம் அறிவோம். ஆதலால் பாகத்தைப் பிரிக்க அவசரப்படுத்தும் உறவினரிடம் இதனை எடுத்துரைக்கச் சகோதரிக்கு முழு உரிமையுண்டு. இது தாமதமன்று, கடமையின் வரிசை.

கணினிக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. வங்கியில் கடந்த சில ஆண்டுகளின் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பெருந்தொகை எவருக்குச் சென்றது, எவரிடமிருந்து வந்தது என்பது அதில் தெரியும். கைபேசியிலுள்ள வாட்ஸ்அப் உரையாடல்களிலும், கூகுள் பே போன்ற செயலிகளின் பட்டியலிலும் கொடுக்கல் வாங்கல் பதிந்திருக்கும். உடன் பணியாற்றியவர்களையும் கடைத்தெரு நண்பர்களையும் விசாரியுங்கள். ஜனாஸா வேளையில், "மய்யித்து எவருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று வாரிசுகள் நின்று அறிவிப்பது நம் ஊர்களின் அழகிய வழக்கம். அது அன்றோடு முடிந்துவிட வேண்டுமென்பதில்லை. ஜமாஅத் தலைவரிடம் சொல்லி ஜும்ஆவிற்குப் பின் மீண்டுமொருமுறை அறிவிக்கச் செய்யலாம். கணினி இல்லாத காலத்திலும் நம் முன்னோர் கடனை அடைத்துத்தான் வந்தனர்.

கடைக்குக் கொடுக்குமுன்

பழுது பார்ப்போர் பெரும்பாலும் நேர்மையாளரே. எனினும் வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் அடங்கிய பெட்டியை முன்பின் அறியாதவரிடம் இரவு முழுதும் விட்டு வருவது முறையன்று. இயன்றால் உடனிருந்து பழுது பார்க்கச் செய்யுங்கள். விசிறி, திரை, விசைப்பலகை போன்ற பழுதுகளுக்குக் கடவுச்சொல் பெரும்பாலும் தேவைப்படாது. கேட்டால் காரணம் கேளுங்கள். 'என் அனுமதியின்றி வட்டை அழிக்கலாகாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வட்டைப் புதிதாக மாற்றினால் பழைய வட்டைத் திரும்பக் கேட்டுப் பெறுங்கள்.

கணினி பூட்டப்பட்டுவிட்டதாகத் திரையில் அறிவித்து, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அது மோசடியே. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைத் தருவதில்லை. அவ்வாறு அழைத்தால், மறுமுனையிலிருப்பவர் ஒரு செயலியை நிறுவச் சொல்லித் தொலைவிலிருந்தே கணினியைக் கைப்பற்றி வங்கிக் கணக்கைக் காலி செய்வார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்திற்குள் தெரிவித்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இன்றே செய்யத்தக்கவை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. எழுதச் சொன்னதன் நோக்கம் பிறர் படித்தறிய வேண்டுமென்பதே. எவராலும் திறக்கவியலாத பெட்டிக்குள் எழுதி வைப்பது அந்நோக்கத்தை நிறைவேற்றாது. ஆதலால் மடிக்கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் இன்று இஷாவிற்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுவாராக.

ஒன்று: கடன், அமானிதம், ஜகாத் ஆகிய மூன்று கணக்குகளையும் கையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ காட்டி வையுங்கள். கணினியில் இருப்பது நகலாக இருக்கட்டும்.

இரண்டு: மடிக்கணினி மறைகுறியாக்கப்பட்டுள்ளதா என்று 'செட்டிங்ஸ்' பகுதியில் பாருங்கள். ஆம் எனில் 48 இலக்க எண்ணை இரு தாள்களில் எழுதி, ஒன்றைப் பத்திரப் பெட்டியிலும் மற்றொன்றை நம்பகமான உறவினரிடமும் வையுங்கள். கணினிப் பையிலேயே வைக்காதீர்கள்; பூட்டோடு சாவியைக் கட்டித் தொங்கவிட்டதாகும்.

மூன்று: கணக்கிலுள்ள கைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் இன்றும் உங்கள் வசம் உள்ளவைதாமா என்று சரிபாருங்கள்.

நான்கு: கூகுள் கணக்கு வைத்திருப்போர், தாம் குறிப்பிட்ட காலம் நுழையாவிட்டால் தம் கோப்புகள் எவரைச் சேர வேண்டுமென்று முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். 2013 முதல் இவ்வசதி உள்ளது. இதுவும் ஒருவகை வஸிய்யத்தே.

ஐந்து: பிள்ளைகளின் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவற்றை வெளி வட்டொன்றில் மாதந்தோறும் நகலெடுங்கள். நகல் இருக்குமாயின், மேற்கூறிய கோளாறுகள் எதுவும் அரைநாள் தொல்லைக்கு மேற்படாது.

2025 மார்ச்சில் வெளியான தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. புதுப் பெட்டி வீட்டிற்கு வரும் நாளிலேயே பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து இவ்வைந்தையும் செய்து முடித்தால், அது படிப்பிற்கு முந்திய முதற்பாடமாக அமையும்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுதல் நபிவழி. நம் கணக்குகளைச் சீராக வைத்து, எவருடைய ஹக்கும் நம் மீது நிலுவையில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. நெய்வேலிச் சகோதரியின் கணவருக்கு மஃபிரத்தை வழங்கி, அவரது கடன்கள் அனைத்தும் நிறைவேற வழி காட்டுவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்: மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி விரைவில் தீர்வது ஏன்? தங்கள் ஐயங்களை வழக்கம்போல் ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.